பள்ளியின் உத்திரங்கள்: இடிப்பதா, செப்பனிடுவதா?

(பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உட்பள்ளியின் மேல்தளத்தைத் தாங்கும் தேக்கு உத்திரங்களில் இரண்டு தாழ்ந்துவிட்டன. பள்ளியை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டலாம் என்று ஒரு சாராரும், கூடாது என்று மறு சாராரும் கூறி வருகின்றீர்கள். இரு சாராரின் கவலையும் தொழ வருவோரின் உயிர் பற்றியதே. ஆகவே பொறியாளரையும் மூத்த தச்சர் ஒருவரையும் அழைத்துச் சென்று கண்டவற்றைத் தங்கள் முன் வைக்கின்றோம்.

உத்திரம் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் புதைந்த முனையிலேயே கெடுகின்றது. தளத்து நீர் சுவர்வழி இறங்கி, காற்றுப் படாத அவ்விடத்தில் தங்கிவிடுகின்றது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்தால் பூஞ்சணம் பற்றும், கறையானும் வரும். சுத்தியலால் தட்டியபோது நடுப்பகுதி கணீரென்றது. முனைகளோ மந்தமாக ஒலித்தன. உளி தடையின்றி இறங்கிற்று.

இதில் நம் தவறும் உண்டு. ஒழுகிய போதெல்லாம் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே மற்றொரு தளம் போட்டோம். பாரம் கூடிற்று, ஒழுக்கு நிற்கவில்லை. கீழே எனாமல் வர்ணம் பூசி அழகு பார்த்தோம்.

முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும். அதற்கு முன் மரத்தில் கை வைப்பது வீண் செலவு. பின்னர் முட்டுக் கொடுத்து, உளுத்த முனையை நல்ல மரம் தெரியும்வரை அறுத்து, நன்கு உலர்ந்த தேக்கைச் சாய்வெட்டாகப் பொருத்தி, இருபுறமும் எஃகுத் தகடு வைத்துப் போல்ட் முடுக்க வேண்டும். புதிய முனை கருங்கல்லின் மீது அமர வேண்டும். சுற்றிலும் காற்றுக்கு இடைவெளி தேவை. சாந்து பூசி அடைத்துவிட்டால் சில ஆண்டுகளில் இதே கூட்டத்தை மீண்டும் கூட்ட நேரிடும்!

தொய்ந்த உத்திரத்தை ஜாக்கி வைத்து ஒரே நாளில் நிமிர்த்தலாகாது, மரம் பிளந்துவிடும். பக்கத்தில் பலகை அடித்தால் போதாதா என்றும் சிலர் வினவினர். அகலம் இருமடங்கானால் விறைப்பும் இருமடங்கே. உயரம் இருமடங்கானால் எட்டு மடங்கு. எனவே தகட்டைச் செங்குத்தாக வைப்பதே பயன் தரும்.

கோழிக்கோடு மிஷ்கால் பள்ளி 1510இல் போர்ச்சுக்கீசியரின் தீக்கு இரையான பின்னரும் மரத்தாலேயே செப்பனிடப்பட்டு இன்றும் தொழுகை நடைபெறும் பள்ளியாக உள்ளது.

முட்டுக் கொடுக்கும் பணி இந்த வாரமே தொடங்குகின்றது. பணி முடியும்வரை அவ்விரு உத்திரங்களின் கீழ் ஸஃப்பு நிற்க வேண்டாம்; வெளிப்பள்ளியில் பாய் விரிக்கப்படும்.