காதற்படங்களில் ஒளிந்திருக்கும் சட்டம்



காதலை அகம் என்றும், அரசையும் சட்டத்தையும் புறம் என்றும் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. இத்தாலியக் காதற்படங்கள் சிலவற்றிலோ புறமே அகத்தை ஆட்டிவைக்கக் காணலாம். பியெத்ரோ ஜெர்மி இயக்கிய இரு நகைச்சுவைப் படங்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

முதலாவது, 1961இல் வெளிவந்த 'இத்தாலியபாணி மணமுறிவு'. மார்ச்செல்லோ மாஸ்த்ரொயான்னி நடித்த சிசிலியப் பிரபு, மனைவி இருக்கவே இளம் உறவுப்பெண்மீது மையல் கொள்கிறான். அந்நாளில் இத்தாலியில் மணமுறிவுச் சட்டம் இல்லை. குற்றவியல் சட்டத்தின் 587ஆம் பிரிவு இருந்தது. மனைவியோ மகளோ உடன்பிறந்தாளோ முறையற்ற உறவு கொண்டதைக் கண்டு, மானம் இழந்த சினத்தால் கொன்றவனுக்கு 3 முதல் 7 ஆண்டுச் சிறையே தண்டனை. பிற கொலைகளுக்கோ 21 ஆண்டுக்குக் குறையாது. ஆகவே பிரபு, தன் மனைவிக்குத் தானே ஒரு காதலனைத் தேடித் தருகிறான். அரங்கம் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கியபின் எஞ்சுவது, ஒரு பெண்ணின் உயிருக்குச் சட்டம் இட்ட விலை.

இரண்டாவது, 1964இல் வந்த 'மயக்கிக் கைவிடப்பட்டவள்'. தமக்கைக்கு நிச்சயிக்கப்பட்டவனால் தங்கை கருவுறுகிறாள். பெண்ணைக் கெடுத்தவன் அவளையே மணந்தால் குற்றம் நீங்கும் என்றது 544ஆம் பிரிவு. தந்தை நாடுவது மகளின் மகிழ்ச்சியை அன்று, குடும்ப மானத்தை. தம் இறப்பையும் மணம் முடியும்வரை மறைக்கச் சொல்லியே அவர் மாள்கிறார். அக்கதையில் திருமணம் மங்கல முடிவு அன்று. குற்றவாளிக்குத் திறந்த வாயில்.

அவ்வாயிலை அடைத்தவள் திரைநாயகி அல்லள். 1965 டிசம்பரில் சிசிலியின் அல்காமோ ஊரில் கடத்திச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட 17 வயதுப் பிராங்கா வியோலா, கெடுத்தவனை மணக்க மறுத்தாள். ஊர் பழித்தது, தந்தை துணை நின்றார். 1966இல் அவன் சிறைத்தண்டனை பெற்றான்.

மணமுறிவு 1970இல் சட்டமாயிற்று. 1974இல் மக்கள் வாக்கெடுப்பும் அதனை நிலைநிறுத்தியது. மேற்கூறிய இரு பிரிவுகளும் 1981இல்தான் நீக்கப்பட்டன. முதற்படம் வெளிவந்து 20 ஆண்டுகள் கழிந்திருந்தன. சிரிப்பு நோயைக் காட்டிற்று. மருந்து வரக் காலம் பிடித்தது. காதலில் இசைவைப் பாடும் கவிஞர்கள், அந்த இளம்பெண்ணின் மறுப்பையும் பாடுதல் வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாவிடத்து இசைவுக்கும் பொருள் இல்லை.