தொண்டைக் கிருமியின் மரபணு

ஹவுராவானாலும் சென்னையானாலும், பிள்ளைக்குத் தொண்டை வலி என்றதும் நம்மில் பலர் மருந்துக்கடையில் அசித்ரோமைசின் கேட்கிறோம். தொண்டையில் பஞ்சுக்குச்சியால் எடுத்ததை ரத்தம் கலந்த அகார் தட்டில் தேய்த்தால், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருக்கும்போது மறுநாள் அதைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். அந்தக் கிருமி எந்த வகை என்று சொல்வது எம் (emm) என்ற மரபணு; 200 வகைக்கு மேல் உண்டு. சென்னையில் கிடைத்த வகைகளைப் பற்றிய ஆய்வு 2001-இல் வெளிவந்தது.

மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் வேறு. எர்ம் இருந்தால் மருந்து ஒட்ட வேண்டிய இடமே மாறிவிடும்; மெஃப் இருந்தால் நுழைந்த மருந்தைக் கிருமி வெளியே தள்ளும். அப்போது அசித்ரோமைசின் பலிக்காது. ஆனால் பெனிசிலின் இன்னும் கைவிடவில்லை என்பது பெரிய ஆறுதல். தொண்டைத் தொற்றுக்குத் தக்க சிகிச்சை இல்லாமல் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்ட பிள்ளைகள், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட்டுக்கொள்கிறார்கள்.