முதியோர் வீட்டுக்கு வரிச் சலுகை வேண்டும்!
(தாம்பரம் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு வந்தது. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம். 1200 வரை 50. 1800 வரை 75. அதற்கு மேல் 100 சதவீதம். வீட்டின் அளவைப் பார்த்தார்கள். உள்ளே இருப்பவரின் வயதைப் பார்த்தார்களா?

ஓய்வு பெற்ற பெரியவருக்கு வீடு பெரிது, வருமானம் சிறிது. சுவரை விற்றா வரி கட்டுவார்?

பிச்சை கேட்டு நின்ற யூத முதியவரின் வரியை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து உதவியும் கொடுக்கச் சொன்னார்கள் கலீஃபா உமர் (ரலி). மதத்தைப் பார்க்கவில்லை, முதுமையைப் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1978இல் மக்களே வாக்களித்துச் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். 55 வயதானவர்கள் வீடு மாறினாலும் பழைய வரி மதிப்பைக் கொண்டு செல்ல 2020இல் மறுபடியும் வாக்களித்தார்கள். ஆனால் 1978 சலுகை பெரிய கம்பெனிகளுக்கும் போனது. அந்தத் தவறு நமக்கு வேண்டாம்.

டெல்லி மாநகராட்சியில் மூத்த குடிமக்களின் ஒரு வீட்டுக்கு 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. நாமும் அதைத்தான் கேட்கிறோம். தாமே குடியிருக்கும் ஒரு வீடு, அதற்கு மட்டும். "எங்கள் கடை வரி ஏறுமோ?" என்று வியாபாரிகள் அஞ்ச வேண்டாம். ஒரு வீட்டோடு நிற்கும் சலுகை உங்கள் கல்லாவைக் காலி செய்யாது.

நம் நாட்டில் வரிக்கு வாக்கெடுப்பு இல்லை. ஆனால் தாம்பரத்தில் 70 வார்டுகள் உண்டு. இளைஞர்களே! வீடு வீடாகச் செல்லுங்கள். எல்லாச் சமுதாயப் பெரியவர்களிடமும் கையெழுத்தும் வரி ரசீது நகலும் வாங்குங்கள். மாமன்றம் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பும் வரை ஓயாதீர்கள்!