மறதி நோயும் மருமகள்மேற் பழியும்



"மருமகள் சோறிடவில்லை; என் சங்கிலியைத் திருடினாள்" என்று மூதாட்டியொருவர் புலம்பக் கேட்டவுடன் அம்மருமகளைப் பழிப்போர் நம்முள் உளர். உண்டதை மறப்பித்து ஐயத்தை விளைப்பது மூளையைச் சிதைக்கும் நோயே. 1906-ஆம் ஆண்டில் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எடுத்துரைத்த பெண்மணியிடத்தும் முதலிற் புலப்பட்ட குறி கணவர்மீது கொண்ட ஐயமாகும்.

"இப்பொழுதுதானே உண்டீர்கள்" என்று வாதிடற்க. தருக்கம் பண்டிதர்க்கு இனிது, இங்கோ பயன்படாது. "பசிக்கிறதா, அம்மா?" என வினவிப் பழமொன்று கொடுக்க. சங்கிலியை உடனிருந்து தேடுக. தலையணைக்கடியில் அகப்படுதலும் உண்டு. ஓரிரு நாளிற் கலக்கம் திடீரென மிகுமாயின், சிறுநீர்த் தாரையிற் கிருமியோ மலச்சிக்கலோ காரணமாகலாம்; மருத்துவரிடம் காட்டுக.

காணவரும் உற்றார், விசாரணையை விடுத்து, ஒரு பிற்பகலேனும் மூதாட்டியருகில் தாம் அமர்ந்து, அம்மருமகளைச் சற்றே உறங்கவிடுவாராக.