பழைய மோட்டார் வண்டியின் சைகை விளக்கு



வீதியிலே வண்டி செலுத்தும் சாரதி பிறருடன் பேசுதற்கு வாய்த்த மொழிகள் மிகச் சில. ஊதுகுழல் ஒன்று, பிறேக் விளக்கு மற்றொன்று, தான் திரும்பப்போகும் திசையை முன்கூட்டியே அறிவிக்கும் சைகை மூன்றாவது. ஊதுகுழல் ஊமையானால் அதை அழுத்தியவனே முதலில் அறிவான். சைகை விளக்கு எரியாதுபோனால் வண்டிக்குள் இருப்பவன் பெரும்பாலும் அறியான். பின்னால் வருபவனோ, சைகை இல்லாமையை ஒரு பழுதென்று கருதமாட்டான்; 'இவ்வண்டி நேரே போகின்றது' என்றே பொருள் கொள்வான். இவ்விளக்கின் பழுது வெறும் மௌனமன்று, பொய்யுரையாகும் என்பதை முதலிலே மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணும் பழக்கம் பிற நாடுகளில் செல்வரது பொழுதுபோக்காக இருக்கலாம். இலங்கையிலே அது தேவையிலிருந்து பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மோட்டார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டின் பின்னரே அக்கட்டுப்பாடு தளர்ந்தது. அதற்கிடையில், முன்னரே வந்து சேர்ந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன் முதலிய வண்டிகளைத் திருத்தித் திருத்தி ஓட்டியே ஒரு தலைமுறை வாழ்ந்தது. அவற்றுள் மொறிஸ் மைனர் தனியிடம் பெற்றது. அலெக் இசிகோனிஸ் வரைந்த இவ்வண்டி 1948இல் வெளிவந்தது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே. 2020ஆம் ஆண்டு மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை தனியார் கார்கள் வராதிருந்த காலத்திலும், பழையதைப் பேணும் கலையின் அருமையை நாம் மறுபடி உணர்ந்தோம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அக்கலை இன்னும் உயிரோடிருக்கின்றது.

இவ்வண்டிகளின் சைகை இருவகைப்படும். 1961 வரை வந்த மொறிஸ் மைனரில், முன்கதவுக்குப் பின்னுள்ள தூணிலிருந்து சிறு கை ஒன்று வெளியே எழும். புகையிரதக் கைகாட்டியை ஒத்ததாகலின் இதனையும் கைகாட்டி என்றே வழங்குவோம். 1961இல் அதற்குப் பதிலாக விட்டுவிட்டு மினுங்கும் விளக்கு வந்தது. இவ்விரண்டின் நோய்களும் வேறு. எனினும் நோய்முதல் நாடும் முறை ஒன்றே.

முதலில் கைகாட்டியை எடுத்துக்கொள்வோம். மின்காந்தச் சுருள் ஒன்று இரும்புத் தண்டை இழுக்க, அத்தண்டு கையை மேலே தூக்குகின்றது. கையினுள் 3 வாற்றுச் சிறு குமிழ் எரிகின்றது. சொடுக்கியைத் திருப்பியதும் தூணுக்குள் சிறு ஒலி கேட்டும் கை எழவில்லையெனின், மின் வந்துவிட்டது. தூசியும் கறளும் கீலைப் பிடித்திருக்கின்றன என்று கொள்க. அவ்வேளை விரல் நகத்தாலோ கத்தியாலோ நெம்புதல் கூடாது. சொடுக்கியைப் போட்டபடி கையை மெல்ல உயர்த்தி, கிடையாகத் தாங்கிக்கொண்டு, பின்னர் சொடுக்கியை அணைத்தல் வேண்டும். அந்நிலையில் கீலிலே மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு துளி இட்டால் போதும். மிகுதியாக இட்டால் அதுவே தூசியைச் சேர்த்து மறுபடி பசையாக்கும்.

கை எழுகின்றது, ஒளி இல்லை எனின் குமிழை நோக்குக. கையின் அடிப்புறத்துத் திருகாணியைக் கழற்றி, மேல்தகட்டை நழுவவிட்டால் குமிழ் வெளிப்படும். குமிழ் நல்லதாயின், ஒவ்வொரு முறையும் கையோடு மடங்கி விரியும் மெல்லிய வயர் இற்றிருக்கக்கூடும். மனிதர் மூட்டு தேய்வதுபோல, இயங்கும் இடத்திலேயே நோய் தோன்றுதல் இயல்பன்றோ?

இனி, மினுங்கும் விளக்கு. இதன் இதயம் பிளாஷர் எனப்படும் சிறு உருளைப் பெட்டி. அதன் உள்ளே மெல்லிய கம்பி ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மின் பாயக் கம்பி சூடேறி நீளும். நீண்டதும் தொடுமுனைகள் சேர்ந்து விளக்குகள் எரியும். அப்போது மின் கம்பியை விட்டு நேர்வழியே செல்வதால் கம்பி குளிர்ந்து சுருங்கி முனைகளைப் பிரிக்கும், விளக்கு அணையும். இங்ஙனம் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை நிகழ்தல் முறையாகும். இப்பெட்டி முன்னும் பின்னுமாக இரண்டு 21 வாற்றுக் குமிழ்களுக்கென அளவிடப்பட்டது. 12 வோல்ற்றில் ஏறக்குறைய மூன்றரை அம்பியர் பாய்ந்தாலே அது ஒழுங்காக நடக்கும்.

விளக்கு மினுங்கவில்லை என்றதும் பலர் செய்வது என்ன? புதிய பிளாஷர் வாங்கி மாட்டுகின்றனர். அதுவும் மினுங்காதுபோகக் கடைக்காரனைக் குறைகூறுகின்றனர். பணம் செலவழிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டல் நலம்.

முதற் கேள்வி: ஒரு பக்கம் மட்டுந்தான் பழுதா, இரு பக்கமுமா? ஒரு பக்கம் செவ்வனே மினுங்குமாயின் பிளாஷர் குற்றமற்றது, உருகியும் குற்றமற்றது. பழுதுற்ற பக்கத்துக் குமிழ், குமிழ்க்கூடு, வயர், சொடுக்கியின் அப்பக்கத் தொடுமுனை என்பவற்றையே ஆராய்தல் வேண்டும். முகப்புப் பலகையிலுள்ள காட்டுவிளக்கு இங்கே நமக்குத் துணைவன். இப்பழைய வகைப் பிளாஷரில், வெளியிலுள்ள குமிழ் ஒன்று எரிந்துபோனால் காட்டுவிளக்கு மினுங்காது.

இரண்டாவது கேள்வி: இரு பக்கமும் பழுதெனின், வேறு எவை வேலைசெய்யவில்லை? மொறிஸ் மைனரில் பிறேக் விளக்கு, மழைத்துடைப்பான், பெற்றோல் அளவு காட்டும் முள், சைகை விளக்கு ஆகிய யாவும் ஒரே உருகியினூடாக மின் பெறுகின்றன. இவை கூட்டாக உறங்கினால் உருகியே காரணம். அதற்குரிய 35 அம்பியர் உருகியையே இடுக. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஒப்பேற்றுவது வண்டியைத் தீக்குக் கொடுப்பதாகும்.

மூன்றாவது கேள்வி: ஏனையவை வேலைசெய்து சைகை மட்டும் இல்லையெனின், பிளாஷருக்கு மின் வருகின்றதா? சாவியைத் திருப்பிச் சொடுக்கியை ஒரு பக்கம் போட்டு, பிளாஷருக்கு மின் கொண்டுவரும் வயரையும் விளக்குகளுக்குச் செல்லும் வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுக்க. விளக்கு மினுங்காமல் நின்று எரியுமாயின், அப்போதுதான் பிளாஷர் கெட்டதென்று தீர்ப்புக் கூறலாம்.

இம்மூன்று கேள்விகளுக்கும் அகப்படாத ஒரு நோய் உண்டு. விளக்கு எரியும், ஆனால் மங்கலாக. மினுங்கும், ஆனால் தன்னோடு பக்கத்து விளக்கையும் சேர்த்து மினுங்கும். கராஜிலே 'ஏர்த்' என்றும் பாடநூலிலே புவித்தொடுப்பு என்றும் கூறப்படும் திரும்பும் வழி கெட்டுவிட்டது என்பதே இதன் பொருள். பற்றரியிலிருந்து வயர் வழியாக விளக்குக்கு ஒரு பக்கந்தான் இணைப்பு. மறுபக்கம் வண்டியின் உடலே வயராகின்றது. அவ்வழி அடைபட்டால் மின் அயல் குமிழின் இழையினூடாக வழிதேடி ஓடும்.

வெள்ளவத்தையிலே இந்நோய் மிகுதி. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நிறுத்தப்பட்ட வண்டிகளின்மீது உப்புக்காற்று இரவும் பகலும் படிகின்றது. மொறிஸ் மைனரின் முன் மட்காட் சுரையாணிகளால் பூட்டப்பட்டது. விளக்கின் மின் அவ்வாணிகளின் வழியே திரும்ப வேண்டும். ஆணியிலே கறள் ஏறியதும் தடை உண்டாகின்றது. ஓர் ஓம் தடை மட்டும் இருப்பினும், 21 வாற்றுக் குமிழுக்குச் செல்ல வேண்டிய 12 வோல்ற்றில் சுமார் ஒன்றரை வோல்ற்று அக்கறளிலேயே வீணாகிவிடும். ரிங்கரிங் வேலை முடிந்து அழகாகப் பெயின்ற் பூசிவந்த வண்டியிலும் இக்குறை தோன்றும். பெயின்ற் மின்னைக் கடத்தாது. விளக்கின் உலோகக் கூட்டிலிருந்து பற்றரியின் புவித்தொடுப்பு முனைக்கு ஒரு நீண்ட வயரைத் தொட்டுப் பாருங்கள். ஒளி உடனே பொலிவுற்றால் நோய் தெரிந்துவிட்டது. மட்டத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே சிறிது கிறீஸ் தடவுக. செலவு சில ரூபாய்களே.

கொட்டாஞ்சேனையின் தொல்லை வேறு வகை. ஜம்பட்டா வீதி போன்ற நெருக்கடியான வீதிகளில் வண்டி ஊர்ந்தும் நின்றும் செல்கின்றது. பழைய வண்டியின் டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பற்றரிக்கு மின் ஊட்டாது. விளக்குகளோ பற்றரியை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். மின்னழுத்தம் குறையவே கம்பி சூடேறச் சுணங்கி, சைகை தூங்கி வழியும். எஞ்சினைச் சற்று விரைவாகச் சுழற்றியதும் சைகை சுறுசுறுப்படைந்தால் குற்றம் சைகையிலன்று, பற்றரியிலும் டைனமோவிலும் என்று அறிக.

இன்று எல்.ஈ.டி. குமிழ் மலிவாகக் கிடைக்கின்றது, ஒளியும் மிகுதி. ஆயினும் அது உட்கொள்ளும் மின் மிகச் சிறிதாதலால் பழைய பிளாஷரின் கம்பி சூடேறாது, விளக்கும் மினுங்காது. அதற்கேற்ற இலத்திரனியல் பிளாஷர் பூட்டுவோர் மற்றொன்றையும் கவனிக்க. மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது; இக்காலத்துப் பொருள்களோ எதிர்முனை இணைப்புக்கென்றே பெரும்பாலும் செய்யப்படுவன. தம் வண்டியின் இணைப்பு எவ்வகையென்று அறியாமல் பூட்டினால், வாங்கிய பொருள் முதல்நாளே வீணாகும்.

கைகாட்டி உள்ள வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை. அது செவ்வனே எழுந்தாலும், நண்பகல் வெயிலில் அதன் சிற்றொளி தெரிவதில்லை. இன்று முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர் பலர் அதனைக் கண்டறியார். எனவே கைகாட்டியின் அழகைக் காப்பதோடு, மினுங்கும் விளக்கையும் தனியே பூட்டுதல் அறிவுடைமை. அதுவும் பொய்த்த நாளில் நமது வலக்கை இருக்கவே இருக்கின்றது. வலப்புறம் திரும்ப அதனை நேரே நீட்டுக. இடப்புறம் திரும்ப நீட்டி இடஞ்சுழியாகச் சுழற்றுக.

வாரத்துக்கு ஒருமுறை, வண்டியை எடுக்குமுன் வீட்டிலுள்ள ஒருவரை வெளியே நிறுத்தி, இரு பக்கமும் முன்னும் பின்னும் எரிகின்றனவா என்று கேட்டறிதல் இரண்டு நிமிட வேலை. பழைய வண்டியின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை. பள்ளி விடும் வேளையில் காலி வீதியைக் கடக்கக் காத்து நிற்கும் சிறுவன், அவ்வண்டியின் சைகையை நம்பி அடியெடுத்து வைக்கலாம் என்பதிலேயே இருக்கின்றது.