நுகம் இறங்கிய வரலாறு



ருஷ்ய மக்கள் ஏறத்தாழ 240 ஆண்டுகள் மங்கோலியருக்கு அடங்கித் திறை செலுத்தினர். அக்காலத்தை அவர்கள் 'நுகம்' என்னும் சொல்லாற் குறிப்பர். ஏரும் எருதும் அறிந்த உங்களுக்கு அச்சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நுகம் எவ்வாறு ஏறியது, எவர் அதனைத் தாங்கிப் பிடித்தனர், எவ்வாறு இறங்கியது என்பவற்றையே இன்று கூற முற்படுகின்றேன்.

1223ஆம் ஆண்டில் கல்கா நதிக்கரையில் ருஷ்யச் சிற்றரசர் பலர் மங்கோலியரை எதிர்த்தனர். ஒரே களத்தில் நின்றும் ஒரே தலைமையில் நில்லாமையாற் படுதோல்வியுற்றனர். வென்றவர் திரும்பிச் சென்றுவிட்டனர். மீண்டும் அவர்கள் வருவதற்குள் பதினான்கு ஆண்டுகள் கிடைத்தன. அவ்வவகாசத்தைச் சிற்றரசர் தம்முட் பூசலிட்டே கழித்தனர். 1237இல் செங்கிஸ்கானின் பேரன் பாத்து பெரும்படையுடன் வந்தான். முதலில் ரியாசான் அழிந்தது. 1238இல் விளாதிமீர் வீழ்ந்தது. 1240இல் பழம்பெரும் நகராகிய கீவ் தரைமட்டமாயிற்று.

இதன்பின் நடந்ததே நாம் ஊன்றி நோக்கற்பாலது. வென்றவர் ருஷ்ய நகரங்களிற் குடியேறி ஆளவில்லை. வொல்கா நதியின் கீழ்ப்பகுதியில் சராய் என்னும் தலைநகரை அமைத்து, ஆங்கிருந்தே ஆண்டனர். ருஷ்ய அரசன் ஒவ்வொருவனும் கானின் அவைக்குச் சென்று பணிந்து, ஆட்சிப் பட்டயம் பெற்று வரல் வேண்டும். குடிசன மதிப்பு எடுத்து வரி விதித்தனர். 1262இல் ரொஸ்தோவ், சுஸ்தால் முதலிய நகரங்களின் மக்கள் வரி தண்டுவோருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். காலப்போக்கில் வரி தண்டும் பணி ருஷ்ய அரசரிடமே ஒப்படைக்கப்பட்டது. அந்நியன் கை மறைந்தது; வரி மறையவில்லை!

1327இல் துவேர் நகர மக்கள் கொதித்தெழுந்து, ஆங்கிருந்த கானின் ஆட்களைக் கொன்றனர். அந்நகரைத் தண்டிக்கப் புறப்பட்ட மங்கோலியப் படையுடன் சென்றவன் யார்? மொஸ்கோ அரசன் இவான்! அதற்குப் பரிசாகப் பேரரசன் என்னும் பட்டயத்தையும், திறை திரட்டும் உரிமையையும் பெற்றான். 'கலீத்தா', அதாவது 'பணப்பை', என்று மக்கள் அவனுக்குப் பெயரிட்டனர். மொஸ்கோவின் வளர்ச்சிக்கு அந்தப் பணப்பை பெருந்துணை செய்தது.

அவன் பேரன் திமித்ரி 1380இல் குலிக்கோவோ வெளியில் மாமாய் என்னும் மங்கோலியத் தளபதியை முறியடித்தான். வெல்ல முடியாதவர் என்று எண்ணப்பட்டோர் வெல்லப்பட்டனர். ஆனால் இரண்டே ஆண்டுகளில் தொக்தமிஷ் கான் படையெடுத்து வந்தான். ரியாசான் அரசன் அவனுக்கு ஆற்றுத் துறைகளைக் காட்டிக் கொடுத்தான். கானுடன் வந்த ருஷ்ய இளவரசர் இருவர், தீங்கு நேராதென்று சத்தியஞ் செய்து மொஸ்கோவின் கதவுகளைத் திறப்பித்தனர். நகர் எரிந்தது, திறை மீண்டும் தொடர்ந்தது.

எனினும் காலம் மாறிக்கொண்டிருந்தது. சராய் அரண்மனையிலும் அண்ணன் தம்பியர் ஒருவரையொருவர் கொன்றனர். 1395இல் தைமூர் அந்நகரைச் சூறையாடினான். பதினைந்தாம் நூற்றாண்டில் கிரிமியா, கசான் முதலியன தனியரசுகளாகப் பிரிந்தன. ருஷ்யரைப் பிணித்த பிரிவினை என்னும் நோய் இப்பொழுது ஆண்டோரையே பற்றியது.

மூன்றாம் இவான் திறையை நிறுத்தினான். 1480இல் அகமத் கான் படையுடன் உக்ரா நதிவரை வந்தான். ஆற்றின் இருமருங்கும் சேனைகள் வாரக்கணக்கில் எதிரெதிரே நின்றன. அகமத் எதிர்பார்த்த போலந்து, லித்துவேனியா மன்னனின் துணைப்படை வரவேயில்லை; மொஸ்கோவின் நண்பனான கிரிமியக் கான் அம்மன்னனின் நாட்டைத் தாக்கினான். குளிர் வந்தது, ஆறு உறைந்தது, நவம்பரில் அகமத் திரும்பிச் சென்றான். பெரும்போர் ஏதுமின்றியே நுகம் இறங்கிற்று. 1502இல் அவன் வழியினரின் அரசையும் கிரிமியக் கானே அழித்தான்.

அன்பர்களே, கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. தன் மக்கள் மன்றத்தால் ஆளப்பட்டு வந்த நொவ்கொரொத் நகரை 1478இலேயே இவான் அடக்கி, அம்மன்றத்தைக் கூட்டும் மணியையும் மொஸ்கோவுக்கு எடுத்துச் சென்றான். 1485இல் துவேரும் அவன் வசமாயிற்று. 1497ஆம் ஆண்டுச் சட்டம் உழவனைப் பார்த்து, "நவம்பர் 26க்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் மட்டுமே நீ நிலக்கிழாரை விட்டு நீங்கலாம், அதற்கும் பணம் கட்டு" என்றது. 1649இல் அந்தச் சிறு வழியும் முற்றாக அடைபட்டது. உழவர் அடிமைத்தனம் நீங்க 1861 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்நியன் ஏற்றிய நுகத்தை நெடுங்காலம் தாங்கிப் பிடித்தது உள்ளூர்ப் பகைமை. அது இறங்கிய பின்னும் உழுதவன் கழுத்து விடுபடவில்லை. நுகத்தின் மறுமுனையைப் பிடித்த கை மட்டுமே மாறியது. விடுதலை வேண்டும் மக்கள் எவராயினும் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். நம்மை ஆள்பவன் யார் என்பது ஒன்று. அவன் போன பின் உழுபவன் நிலை யாது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு ருஷ்யர் 1480இல் விடை கண்டனர். இரண்டாவதற்கு விடை காணாமையால், பின்னும் பல தலைமுறைகள் துன்புற்றனர்.