சராசரி மறைத்ததைச் செவ்வகம் காட்டியது

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிகழ்வெண் பரவலையும் நிகழ்வுச் செவ்வகத்தையும் பல ஆண்டுகள் தேர்வு மதிப்பெண்களை வைத்தே நடத்தி வந்தேன். பிள்ளைகள் அழகாக வரைந்தார்கள். எதற்காக வரைகிறோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டே சிரிக்கும் ஒரு மாணவியைக் கவனித்த பிறகுதான் எடுத்துக்காட்டை மாற்றினேன்.

பல்லில் பழுப்புக் கறை நம் தருமபுரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் புளோரைடே காரணம். பல் உருவாகும் சிறு வயதில் அது மிகுந்த நீரைக் குடித்தால் கறை நிலைத்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. இந்தப் பாதிப்பைக் குறைக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனாலும் காவிரி நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றை நாடும் வீடுகள் உண்டு.

வகுப்பில் 20 கிணறுகளுக்கு மாதிரி எண்கள் கொடுத்தேன். இவை பயிற்சிக்காக நானே அமைத்தவை. எந்த ஊரின் சோதனை முடிவும் அல்ல.

0.6, 2.2, 0.8, 1.2, 0.7, 2.4, 0.9, 1.7, 1.1, 0.6, 2.1, 1.3, 0.8, 2.6, 1.4, 0.7, 1.8, 0.9, 2.3, 1.2

முதலில் சராசரி கண்டார்கள்: 1.365. "1.5-க்குக் கீழேதான் சார், பயமில்லை" என்றார்கள். அடுத்து, பிரிவு இடைவெளி 1 எனக் கொண்டு அட்டவணை போட்டோம். நிகழ்வெண்கள் 8, 7, 5. படிப்படியாக இறங்கும் படம். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. 1.5 என்ற எல்லை நடுச் செவ்வகத்துக்குள் புதைந்து கிடந்தது. இடைவெளியை 0.5 ஆக்கி, 0.5-இலிருந்து தொடங்கினோம். இப்போது 8, 5, 2, 4, 1. இறங்கி வந்த படம் 2.0–2.5 பிரிவில் மீண்டும் எழுந்தது. எல்லைக்கு மேல் ஏழு கிணறுகள். எண்கள் அவையேதான், பிரிவை மாற்றியதும் உண்மை வெளியே வந்தது.

இதில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். பிரிவு எல்லை, முடிவெடுக்க வேண்டிய எண்ணில் விழ வேண்டும். அளவு தொடர்ச்சியானது என்பதால் செவ்வகங்கள் ஒட்டி நிற்க வேண்டும்; பட்டை வரைபடம்போல் இடைவெளி விடக் கூடாது. விலக்கிய முறையில் சரியாக 1.5 வந்தால் அது அடுத்த பிரிவுக்குப் போகும். ஆனால் தர அளவின்படி அது எல்லைக்குள்தான். இதை மாணவர்களே விவாதிக்கட்டும்.

மணி அடித்த பிறகு அந்த மாணவி வந்து கேட்டாள்: "எங்க ஊரு போர் தண்ணி இதுல எந்தப் பெட்டியில வரும் சார்?" என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடுவதுதான் இனி நம் செயல்திட்டமாக இருக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கலாம். மாதிரியைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள், கண்ணாடியில் வேண்டாம். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது என்பதையும் பெற்றோரிடம் சொல்லுங்கள். முடிவுகள் வந்ததும், செவ்வகங்களைப் பிள்ளைகளே வரைந்து ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கட்டும்.